பாதி வசனமும் முழு அடிமைத்தனமும்

பைபிளில் சாதிக்கு இடமில்லை என்று நமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் சாதிக் கிறித்தவர்கள். அப்படின்னா கல்லறையில எதுக்குச் சுவர் வச்சிருக்கீங்க என்று கேட்டால், அதற்கும் ஒரு வசனத்தை எடுத்து நீட்டுகிறார்கள். அப்படி நீட்டப்படும் மூன்று வசனங்களைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். நான் இறையியல் கல்லூரியில் படித்தவனில்லை. பங்குக் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டு வளர்ந்த சேரிக்காரன். ஒரு வசனத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறதென்று புரட்டிப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

முதலாவது, 1 கொரிந்தியர் 7:20. அழைப்பு வந்தபோது இருந்த நிலைமையிலேயே இரு என்று பவுல் சொன்னதாக நமக்கு ஓதப்படுகிறது. ‘பறையனாப் பொறந்தியா, பறையனாவே இரு, மோட்சத்துல பாத்துக்கலாம்’ என்பதே இதன் நாட்டு விளக்கம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் ‘கிளேசிஸ்’. அதற்குப் பொருள் அழைப்பு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை ‘நிலைமை’ ஆக்கிவிட்டது. அழைப்பு நிலைமையானதும், நிலைமை சாதியாவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அடுத்த வசனத்தையே பாருங்கள். அடிமைக்கு விடுதலை கிடைக்குமானால் என்ன செய்வது என்று பவுல் பேசுகிறார். மூலத்தில் ‘அதைப் பயன்படுத்திக்கொள்’ என்ற அளவில்தான் இருக்கிறது. எதை? விடுதலையையா, அடிமைத்தனத்தையா? அடிமைத்தனத்தையே என்று பழைய காலத்திலேயே பொருள் சொன்னவர்கள் உண்டு. 4ஆம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம் அப்படிச் சொன்னவர். ஆனால் 23ஆம் வசனம், நீங்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள், மனிதருக்கு அடிமையாகாதீர்கள் என்ற பொருளில் போகிறது. இதைச் சொன்ன வாய், முடிந்தாலும் விடுதலை ஆகாதே என்று எப்படிச் சொல்லும்? நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புகூட இந்த இடத்தில் விடுதலைப் பக்கம்தான் சாய்கிறது.

இன்னொன்று. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொரிந்துவை ரோமக் குடியேற்றமாகத் திரும்பக் கட்டியபோது, அங்கே குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். அடிமை, அடிமை இல்லாமல் ஆவதைக் கண்ணால் பார்த்த ஊர் அது. ரோம அடிமைக்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்றாவது இருந்தது. சாதிக்கு அப்படி ஏது பத்திரம்? ஆகவே, அந்த வசனத்தைக் கொண்டுவந்து சாதிக்கு ஒட்டுவது இரட்டைப் பொய்.

இரண்டாவது, தரித்திரர் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசு சொன்னது. கூலி உயர்வு கேட்டுப் போன எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிய பண்ணையார்களை எனக்குத் தெரியும். மத்தேயு 26:11இலும் யோவான் 12:8இலும் பேச்சு சுருங்கியிருக்கிறது. மாற்கு 14:7இல் பாதியை விடாமல் எழுதியிருக்கிறது: நினைக்கும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்ய உங்களால் முடியும் என்று. இதன் வேர் உபாகமம் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே 11ஆம் வசனம், ஏழை இல்லாமல் போகமாட்டான், அதனால் கையைத் திற என்கிறது. 4ஆம் வசனமோ உங்களுக்குள் ஏழையே இருக்கக்கூடாது என்கிற பக்கம் நிற்கிறது. அதிகாரம் தொடங்குவதே ஏழாம் வருடக் கடன் தள்ளுபடியில். ஏழாம் வருடம் அடிமையை அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பாதே என்றும் வருகிறது. ஆக, கணக்கைத் தீர் என்று பண்ணையாரைப் பிடித்து உலுக்குகிற அதிகாரம் இது. அதிலிருந்து ஒரு வரியை உருவி, கூலி கேட்டவன் வாயை அடைக்கிறார்கள்.

மூன்றாவது, மறு கன்னம். மத்தேயு 5:39 சும்மா கன்னம் என்று சொல்லவில்லை, வலது கன்னம் என்கிறது. வலக்கையால் ஒருவனை வலது கன்னத்தில் அடிக்கணும்னா புறங்கையால்தான் அடிக்கமுடியும். அது கீழே இருக்கிறவனை அவமானப்படுத்த மேலே இருக்கிறவன் அடிக்கிற அடி. யூதர்களின் மிஷ்னா சட்டத்தில் அறைக்கு 200 சூஸ் அபராதம், புறங்கை அடிக்கு 400. மறு கன்னத்தைக் காட்டினால், அடிக்கிறவன் உன்னைச் சமமான ஆளாக நினைத்து அடிக்கவேண்டிய கட்டாயம் வருகிறது. இப்படி வாசித்தவர் அமெரிக்க விவிலிய அறிஞர் வால்ட்டர் விங்க். நல்ல வாசிப்பு. ஆனால் நம்மீது வீசப்படுவது புறங்கை மட்டுமில்லை, அரிவாளும் தீயும். அங்கே கன்னத்தைப் பற்றிய பேச்சு உதவாது. யோவான் 18இல் சேவகன் அறைந்தபோது இயேசுவே மறு கன்னத்தைக் காட்டவில்லை. நான் சொன்னதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நியாயம் கேட்டார். அப்போஸ்தலர் 23இல் வாயில் அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியனைப் பவுல், சுண்ணாம்பு அடித்த சுவர் என்று ஏசினார். சுவர் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாதா!

இது வெறும் வார்த்தை விளையாட்டில்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது, சாதி உலக வழக்கம்தான், மத விஷயமில்லை என்று வாதாடி வேளாளக் கிறித்தவர்கள் வெளியே போனார்கள். 2008இல் விழுப்புரம் மாவட்டமாயிருந்த பகுதியில் உள்ள எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இரண்டு சம்பவத்துக்கும் நடுவில் 175 வருடம். அத்தனை காலமும் பீடத்தில் வேதம் வாசிக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, வாசிப்பைப் பீடத்திடம் மட்டும் விட்டுவைக்க முடியாது. ஒரு வசனம் நம்மீது வீசப்பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இது யாருக்குச் சொல்லப்பட்டது? இப்போது சொல்வதால் யாருக்கு லாபம்? எழுத்து தெரிந்த பிள்ளைகள் வாசிக்கட்டும், நாத்து நட்டு வந்த அம்மாக்கள் பொருள் சொல்லட்டும். கூலி கேட்டுப் பழகிய வாய்க்கு உபாகமம் 15 சீக்கிரமே விளங்கும்.