வடிவாம்பாளின் வீணை

எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் முதல் சில வரிகளுக்குள் வடிவாம்பாள் வந்துவிடுவார். வந்த வேகத்தில் போயும்விடுவார். தாய் மதுரை சண்முகவடிவு, வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள், வயலின். சகோதரர் சக்திவேல், மிருதங்கம். சகோதரி வடிவாம்பாள், வீணை, இளம்வயதில் இறந்துவிட்டார். அடுத்த வரி 1926-க்குத் தாவி, தாயின் வீணையோடு பத்து வயதுச் சிறுமி பாடிய முதல் இசைத்தட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும்.

“இளம்வயதில் இறந்துவிட்டார்” என்ற அந்தத் தொடரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். சாவைச் சொல்லிவிட்டதால் வாழ்வைச் சொல்லும் பொறுப்பு தீர்ந்ததாக எழுதுபவர் நினைத்துக்கொள்கிறார். வீணை ஒரு மாதத்தில் கைவரும் வாத்தியமல்ல. தந்தி அறுத்து விரல்நுனி காய்த்துப்போக வேண்டும். கமகத்துக்குத் தந்தியை எவ்வளவு இழுப்பது என்று கைக்குத் தானாகத் தெரிய வேண்டும். வடிவாம்பாளை வீணைக் கலைஞர் என்று ஒருவர் எழுதும்போதே அத்தனை ஆண்டு உழைப்பையும் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு அரைப்புள்ளி போட்டு நகர்ந்துவிடுகிறார்.

மறக்கப்பட்ட சகோதரி என்றதும் நமக்கு வர்ஜீனியா வுல்ஃப் நினைவுக்கு வருவார். 1929-ல் வந்த தன் நூலில் ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கையைக் கற்பனை செய்தார் அவர். கற்பனை தேவைப்படாத ஒருத்தியும் உண்டு: மொசார்ட்டின் அக்கா மரியா அன்னா. தம்பியோடு ஐரோப்பா முழுக்க வாசித்தவளைத் திருமண வயது நெருங்கியதும் தந்தை வீட்டோடு நிறுத்தினார். இந்தக் கதைகளில் அண்ணனோ தம்பியோ வெளியே போகிறான், பெண் உள்ளே நிற்கிறாள்.

மதுரை அனுமந்தராயன் கோயில் தெரு வீட்டுக்கு இந்தச் சட்டகம் பொருந்தாது. அது பெண்வழிக் குடும்பம். பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகள்களுக்கும் போனது வித்தை. மகள் பாடக்கூடாது என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. தேவதாசி மரபிலிருந்து வந்த வீடுகளை இழிவு என்று மட்டும் பார்த்தவர்களும், சங்கீதக் கோயில் என்று மட்டும் போற்றியவர்களும் இதைச் சரியாகப் பார்க்கவில்லை. பெண்ணுக்குக் கலையைக் கொடுத்த அதே வீடுதான் அவளுடைய உடலுக்கும் விலை பேசப்படும் இடமாக இருந்தது. இரண்டும் உண்மை.

1936-ல் சுப்புலட்சுமி சென்னைக்கு வந்துவிட்டார். 1940-ல் சதாசிவத்தை மணந்தார். 1945-ல் மீரா. பிறகு நாடறிந்த அந்தப் பட்டுப்புடவை, மூக்குத்தி, பக்தி, இல்லறம். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்த சட்டம் 1947-ல் வந்தபோது, மதுரை வீட்டைப் பற்றிப் பேசாமலிருப்பதே கௌரவம் என்றாகிவிட்டிருந்தது. தாயையாவது மறைக்க முடியவில்லை, எம்.எஸ். என்ற முன்னெழுத்திலேயே மதுரையும் சண்முகவடிவும் இருக்கிறார்கள். சகோதரிக்கு அந்த இடமும் இல்லை. 2004-ல் டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய வாழ்க்கை வரலாறும், 2015-ல் டி.எம். கிருஷ்ணா எழுதிய நீண்ட கட்டுரையும் அந்த மௌனத்தைக் கலைத்தன. நல்ல காரியம்தான். ஆனாலும் இருவரின் கேள்வியும் எம்.எஸ். எப்படி எம்.எஸ். ஆனார் என்பதுதான். கூட இருந்தவள் என்ன ஆனாள் என்பது வேறு கேள்வி.

வாத்தியத்துக்கும் இதில் பங்குண்டு. கிராமபோனும் ஒலிபெருக்கியும் சினிமாவும் குரலைத் தேடி வந்தன. வீணை அடக்கமான ஒலி. அதன் இயல்பான இடம் கூடம். வீணை தனம்மாளை ஜார்ஜ் டவுன் வீட்டு வெள்ளிக்கிழமை மாலைகளில் தேடிப்போய்க் கேட்டார்கள். ஒரே வீட்டில் ஒருத்திக்குக் குரலும் இன்னொருத்திக்கு வீணையும் வாய்த்தபோதே, சந்தை யாரைக் கேட்கும் என்பது பாதி முடிவாகிவிட்டது.

மாதனூரிலிருந்து இதை எழுதுகிறேன். காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் பலர் யாரோ ஒருவரின் அக்கா. அவர்கள் அப்பர் தைத்த கூலியில் தம்பி இன்ஜினீயரிங் முடிக்கிறான். ஊரில் தம்பியின் பெயர்தான் பேச்சு. அக்காவைக் கேட்டால் “அது கம்பெனிக்குப் போவுது” என்பார்கள். அதுவும் அரைப்புள்ளி போட்டு நகர்வதுதான்.

சாவுதான் காரணம் என்று இன்னும் சொல்பவர்களுக்கு, தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் இருக்கிறார்கள். அக்காவும் தங்கையும் பல்லாண்டுகள் ஒரே மேடையில் உட்கார்ந்து பதங்களும் ஜாவளிகளும் பாடினார்கள். 1976-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பிருந்தாவுக்கு மட்டும் வந்தது. முக்தா 2007 வரை உயிரோடு இருந்தார்.