எந்த நாட்டுப் பாட்டு? – ஒசிபிசாவை மீளக் கேட்டல்

போன மாரியில் எங்கள் பகுதிச் சரிற்றிக் கடை ஒன்றில் ஒரு பழைய இசைத்தட்டு வாங்கினேன். அட்டையில், பூச்சிச் சிறகு முளைத்த யானைகள் பறந்துகொண்டிருந்தன. ஓவியர் ரொஜர் டீன். குழுவின் பெயர் ஒசிபிசா. வெளிவந்த ஆண்டு 1971. கடைக்காரர் அதை ‘உலக இசை’ என்று எழுதிய பெட்டிக்குள் போட்டிருந்தார்.

வீட்டில் தட்டைச் சுழலவிட்டபோது மகள் அறையிலிருந்து இறங்கி வந்தாள். பேஸ் கிற்றார் பழகுகிறவள்.

“அப்பா, இது எந்த நாட்டுப் பாட்டு?”

“கானா” என்றேன்.

கொஞ்சம் நின்று கேட்டாள். “இல்லையப்பா. கிற்றார் றொக். மேளம்தான் வேற இடம். பேஸ் இன்னொரு இடம்.”

அவள் சொன்னதுதான் சரி. நான் அட்டையைப் பார்த்துப் பதில் சொன்னேன், அவள் காதால் கேட்டுச் சொன்னாள். இந்தக் கட்டுரை அந்தப் பிழையான பதிலைத் திருத்தும் முயற்சி.

ஒசிபிசாவின் மூலவர் ரெடி ஒசெய். கானாவின் குமாசி நகரத்தவர். சக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசிப்பவர். 1962இல் லண்டனுக்கு வந்து, கானா அரசின் புலமைப்பரிசிலில் இசை படித்தார். 1966இல் இராணுவம் குவாமே நிக்குருமாவைக் கவிழ்த்தபின் அந்தப் பணம் நின்றது. திரும்பிப் போகாமல் இங்கேயே வாசித்துப் பிழைத்தார். 1969இல் தம்பி மக் தொந்தோவையும் (ட்ரம்பெற்), குமாசிக் காலத்து நண்பர் சொல் அமார்ஃபியோவையும் (ட்ரம்ஸ்) சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடங்கினார். தாளவாத்தியத்துக்கு நைஜீரியரான லசிசி அமாவோ வந்தார். மற்ற மூவரும் கரீபியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள்: பேஸ் வாசித்த ஸ்பார்ட்டக்கஸ் ஆர் கிரெனடா, கிற்றார் வாசித்த வென்டல் ரிச்சர்ட்சன் அன்ரிகுவா, ஓர்கன் வாசித்த றொபேட் பெய்லி ட்ரினிடாட்.

இந்தப் பெயர்ப்பட்டியல்தான் இந்த இசையின் திறவுகோல். ‘ஒசிபிசாபா’ என்பது கானாவின் கரையோர ஃபன்டி மக்களின் பழைய ஆட்டத்தாளம். குழுவின் பெயர் அதிலிருந்து பிறந்தது. ஒசெயும் அமார்ஃபியோவும் வளர்ந்தது ‘ஹைலைஃப்’ எனும் கானாவின் நடன இசைக்குள். ஆனால் ஒசிபிசாவின் இசை அக்ராவிலோ குமாசியிலோ உருவாகியிருக்க முடியாது. அங்கே இந்த ஏழு பேரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அடிமைக்கப்பல்களில் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்த மூவரும், கொண்டுபோகப்படாதவர்களின் வழி வந்த நால்வரும் ஒரே அறையில் கூடுவதற்கு லண்டன் தேவைப்பட்டது. இது ஏற்றுமதியான ஆபிரிக்க இசை அல்ல. குடிபெயர்ந்தவர்கள் குடிபெயர்ந்த இடத்திலேயே செய்த இசை.

முதல் தட்டைக் கவனமாகக் கேட்டால் அந்தச் சந்திப்பு செவியில் விழும். ‘த டோன்’ விடியலின் ஒலிகளோடு தொடங்குகிறது. ஒசெய் பேசி அறிமுகம் செய்கிறார், தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன, புல்லாங்குழல் நுழைகிறது. ‘மியூசிக் ஃபோர் கொங் கொங்’ முழுக்க வாத்திய இசை. கொங் கொங் என்பது கானாவில் ஊருக்குச் செய்தி சொல்பவர் அடிக்கும் மணி. எங்கள் ஊர்களில் பறையறைந்து சொன்னதுபோல. அதன்மேல் ஊதுகருவிகளின் கூட்டு முழக்கம், அதற்கு அடியில் லண்டன் மதுச்சாலைகளில் அன்றிரவு ஒலித்திருக்கக்கூடிய ஓர்கன். மூன்றாக எண்ணும் தாளமும் நான்காக எண்ணும் தாளமும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நடக்கின்றன. எதில் கால் வைப்பது என்று கேட்பவர்தான் முடிவெடுக்கவேண்டும்.

அக்காலத்தில் இவர்களைச் சந்தானாவோடு ஒப்பிடுவது எளிது. அங்கும் கிற்றாரும் கையடி மேளமும் உண்டு. ஆனால் சந்தானாவில் கிற்றார் தலைவன், மேளம் பரிவாரம். ஒசிபிசாவில் தலைவன் இல்லை. ரிச்சர்ட்சனின் கிற்றார் முன்னுக்கு வரும், நாலு வீச்சு வீசும், பிறகு கூட்டத்துக்குள் போய்விடும்.

குறைகளையும் சொல்லவேண்டும். அந்த விடியல் அறிமுகத்தில் உல்லாசப் பயண வழிகாட்டியின் குரல் கொஞ்சம் இருக்கிறது. காடு, பறவை, மகிழ்ச்சி: வெள்ளைக்காரக் கேட்பவர் எதிர்பார்த்த ஆபிரிக்கா. எழுபதுகளின் நடுப்பகுதியில் இது கூடிவிட்டது. ஸ்பார்ட்டக்கஸும் ரிச்சர்ட்சனும் அதற்கு முன்னரே விலகிவிட்டார்கள். 1976இல் ‘சன்ஷைன் டே’ பிரித்தானியப் பட்டியலில் 17ஆம் இடத்தைப் பிடித்தது. கேட்கச் சுகம், ஆனால் முதல் தட்டில் இருந்த அந்த இழுபறி அதில் இல்லை. எல்லாத் தாளமும் ஒரே நடனத் தாளத்துக்குள் வழிவிட்டு ஒதுங்கிவிட்டது.

அதே காலத்தில் லாகோசில் ஃபெலா குட்டி ‘சொம்பி’யில் இராணுவத்தை நையாண்டி செய்தார். 1977 பெப்ரவரியில் படையினர் அவருடைய வளவுக்குள் புகுந்து அடித்து எரித்தார்கள். ஃபெலாவும் ஐம்பதுகளின் இறுதியில் லண்டனில் இசை படித்தவர்தான். அவர் திரும்பிப் போனார், ஒசெய் தங்கினார். இன்று ஆபிரிக்க இசை பற்றி எழுதுபவர்கள் ஃபெலாவுக்கு அத்தியாயமும் ஒசிபிசாவுக்கு அடிக்குறிப்பும் கொடுக்கிறார்கள். ஒருவர் போராளி, மற்றவர்கள் பார்ட்டிக் குழு என்ற கணக்கு.

இந்தக் கணக்கை நானும் நீண்டகாலம் நம்பினேன். ஊரில் நின்றவரின் கோபத்துக்கு ஒரு எடை, வெளியே வந்தவரின் மகிழ்ச்சிக்கு வேறொரு எடை போடும் பழக்கம் எங்களுக்குள்ளும் உண்டல்லவா. ஆனால் இந்தக் குழு பிறந்த காலத்தைப் பாருங்கள். 1968இல் ஈனொக் பவல் பேர்மிங்ஹாமில் குடிவரவாளருக்கு எதிராகப் பேசினார். குழு தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. முதல் தட்டு வந்த 1971லேயே புதிய குடிவரவுச் சட்டமும் வந்தது. ‘நீங்கள் ஏன் இங்கே’ என்று கேட்கப்பட்ட ஏழு பேர், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், மேடையேறிக் கேட்டவர்களையே ஆடவைத்தார்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பு ‘அக்வாபா’. அக்கான் மொழியில் ‘நல்வரவு’. வந்தவன், இருப்பவனை வரவேற்கிறான். இதில் அரசியல் இல்லை என்று என்னால் சொல்லமுடியவில்லை.

இரண்டாவது தொகுப்பின் தலைப்புப் பாடலான ‘வொயாயா’ இவர்களுடைய சிறந்த பாடல் என்பது என் கருத்து. கோயிற்பாட்டுப்போல மெதுவானது. போய்க்கொண்டிருக்கிறோம், வழி தெரியாது, ஆனாலும் சேர்ந்துவிடுவோம் என்பதுதான் பொருள். எங்கே என்று பாடல் சொல்வதில்லை. ஆர்ட் கார்ஃபங்கல் 1973இல் இதைத் தன் தொகுப்பில் பாடியபோது அழகாகத்தான் பாடினார். ஆனால் ஒருவர் பாடினால் அது நம்பிக்கை. ஒரு கூட்டம் பாடும்போது அது பயணம்.

1975இல் வந்த ‘வெல்கம் ஹோம்’ சிதறிப்போனவர்களை வீட்டுக்கு அழைக்கும் பாடல். அழைப்பவர்களே வீட்டில் இல்லை என்பதுதான் அதன் வலி. பின்னாளில் மக் தொந்தோ கானாவுக்குத் திரும்பி இளையவர்களோடு வாசித்தார், 2010இல் அங்கேயே காலமானார். அண்ணன் ஒசெய் 2025 ஜனவரியில், 87 வயதில் லண்டனில் காலமானார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு முடிவுகள். எது வீடு என்பதில் ஒருவர் சரி, மற்றவர் பிழை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

சரிற்றிக் கடையின் பெட்டிக்கு வருகிறேன். ‘உலக இசை’ என்ற பெயர், 1987இல் லண்டன் மதுச்சாலை ஒன்றில் கூடிய சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் கடைத் தட்டுகளுக்காகத் தெரிந்தெடுத்தது. ஒசிபிசாவின் முதல் தட்டு அதற்குப் பதினாறு வருடம் மூத்தது. அன்று அவர்கள் றொக் குழுவாகவே றொக் கேட்பவர்களிடம் போனார்கள். பிறகு வந்த பெயர், அவர்களை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. இந்த இசைக்கு நடந்த மிகப் பெரிய அநியாயம் அதுதான்.

மகள் இப்போது ஸ்பார்ட்டக்கஸின் பேஸை ஒவ்வொரு வரியாகப் பிடித்துப் பழகுகிறாள். சில இடங்களில் தாளத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அன்றைய கேள்வியை அவள் மறந்துவிட்டாள். நான்தான் ஒருநாள் கேட்டேன்.

“இப்ப சொல்லு, இது எந்த நாட்டுப் பாட்டு?”

“இங்கத்தைப் பாட்டுத்தானே அப்பா” என்றாள்.