குரலும் தோலும்

"மாமா, இது உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் கேளுங்க" என்று திண்டிவனத்தில் பஸ் ஏறியதும் அக்காள் மகன் தன் செல்போன் குழாயை என் காதில் மாட்டினான். 'வைல்ட் திங்ஸ்' என்ற சிறு இசைத்தட்டு, 1981-ல் வந்தது. மொத்தம் ஐந்தே பாட்டுக்கள்.

பங்க் சங்கீதத்தின் கூச்சல் அடங்கிய சமயத்தில் லண்டனில் பெயர் வாங்கிய குழு 'சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ்'. அதன் பாடகி சூக்ஸியும் டிரம் வாசித்த பட்ஜியும், 'ஜூஜூ' இசைத்தட்டு வேலையின்போது, ஒரு பாட்டுக்குக் குரலும் டிரம்மும் போதும் என்று கண்டார்கள். பெரிய குழுவை விடாமலே ஓரமாக ஒரு கடை திறந்தார்கள். அதற்குப் பெயர் 'க்ரீச்சர்ஸ்'.

கிட்டார் கிடையாது. குரல் ஒதுங்க நிழல் இல்லை. 1966-ல் ட்ராக்ஸ் குழு கிட்டார் முழங்கப் பிரபலமாக்கிய 'வைல்ட் திங்' இதிலும் இருக்கிறது. அங்கே காதல் கூப்பாடு. இங்கே அதுவே மிரட்டல். பிறகு 1983-ல் ஹவாய்க்குப் போய், அந்த ஊர்ப் பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு 'ஃபீஸ்ட்' செய்தார்கள். 1989-ல் ஸ்பெயினில் 'பூமராங்'. அதில் ஊதுவாத்தியங்கள் வேறு. அழகுதான். எனக்கென்னவோ பயம் போய்விட்டது.

கூட்டேரிப்பட்டு தாண்டி பஸ் நின்றது. சாவு ஊர்வலம். பறை நெருங்க நெருங்க, பஸ்ஸில் ஷட்டர்கள் படபடவென்று இறங்கின. என் கையும் தானாக மேலே போயிற்று. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பறைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவோம். 'அது சங்கீதமா?' என்று கேட்டவர்கள் நாங்கள். அது யார் தெருவிலிருந்து வந்தது என்பதுதான் எங்கள் சங்கீத ஞானம். லண்டன்காரி டிரம்மோடு பாடினால் ரசனை. நம் ஊரில் ஒப்பாரியும் பறையும் சேர்ந்தால் தீட்டு.

"ஷட்டரை விடுங்க மாமா" என்றான் பையன்.

ஊர்வலம் போனபின் மறுபடி கேட்டேன். ஒரு குறை தெரிந்தது. பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி அடிக்கிறார்கள். சூடு ஆற ஆறத் தோல் தளர்ந்து நாதம் இறங்கும், மறுபடி தீயில் காட்டுவார்கள். அந்த ஏற்ற இறக்கம் பட்ஜியின் டிரம்மில் இல்லை. ஸ்டூடியோத் தோல் ஆறுவதே கிடையாது. சூக்ஸியின் குரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. திடீரென்று தளர்கிறது, மறுபடி சூடேறுகிறது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மூன்றாம் தடவையும் போடச் சொன்னேன்.