இரு குரலும் ஒரு 'நானும்': இரட்டையர் பாடல்களில் தன்மைப் பெயர்

கனடாவின் கல்கரி நகரில் 1980இல் பிறந்த ஒத்த இரட்டையரான டீகன் குவின், சாரா குவின் ஆகிய இருவரும் தம் பெயரையே இட்டு நடத்திவரும் இசைக்குழு 'டீகன் அண்ட் சாரா'. 'இண்டி ராக்' மரபில் வளர்ந்த இக்குழு, 2013இல் வெளியான 'ஹார்ட்த்ராப்' தொகுப்பில் பாப் இசையின் பக்கம் சாய்ந்தது. இவர்தம் பாடல்களைத் தமிழாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் இலக்கண வினா ஒன்று உண்டு: இவற்றில் வரும் 'நான்' யார்?

இருவர் குரலும் பிரித்தறிய அரிதாக ஒன்றிவிடுகின்றன. ஆயினும் ஆக்கமுறை வேறு. 2007இல் வெளிவந்த 'தி கான்' தொகுப்பு வரை இருவரும் பெரும்பாலும் தனித்தனியே பாடல் எழுதினர். எழுதியவர் முதன்மையாகப் பாட, மற்றவர் துணைக்குரல் தந்தார். பாடலின் 'நான்' எழுதியவரின் சொந்த வாழ்க்கையே எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அது ஒருமை. 2019இல் வெளியான 'ஹை ஸ்கூல்' என்னும் தன்வரலாற்று நூலும் இருவர் பெயரையும் மாறிமாறித் தலைப்பாகக் கொண்டு, தன்மை ஒருமையிலேயே அமைந்துள்ளது. பாடுவோர் இருவர் என்பதற்காக 'நாங்கள்' எனப் பெயர்ப்பது பிழையாகும்.

ஆங்கிலத்தின் 'வீ' இன்னும் கடினமானது. காதலரை உளப்படுத்தினால் அது 'நாம்'. சகோதரியரை மட்டும் குறித்தால் 'நாங்கள்'. இரு குரல் சேர்ந்து ஒலிக்கையில் ஆங்கிலம் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும், தமிழ் தாங்காது. காதலரை முன்னிலைப்படுத்தும் பாடலில் 'நாம்' என்பதே பொருந்தும். 'நாங்கள்' அவரைப் புறத்தே நிறுத்திவிடும்.

பால் குறித்த நிலை இதற்கு நேர்மாறானது. இருவரும் பெண்ணை நேசிக்கும் பெண்கள் என்பதை வெளிப்படையாகக் கூறியவர்கள். ஹிந்தி வினைமுற்றுகள் பல இடங்களில் பேசுவோர், கேட்போர் பாலைக் காட்டிவிடும். தமிழின் தன்மை, முன்னிலை வினைகள் காட்டா. ஆங்கில 'யூ' சொல்லாது விடுவதைத் தமிழ் 'நீ'யும் சொல்லாது விட வல்லது. இந்நிலையில் ஓசை நிரப்பக் 'காதலனே' என்னும் விளியைச் சேர்ப்பது, மூலத்தில் இல்லாத ஓர் ஆடவனைப் பாடலுள் புகுத்துவதாகும். இது நடைப்பிழையன்று, பொருட்பிழை. 'காதலியே' என்பதும் மூலம் விட்டதைத் தாமாக நிரப்புவதே.

ஆகவே, இத்தகைய பாடல்களைப் பெயர்க்கையில் தமிழ் இழப்பது 'வீ' என்பதன் இருபொருளை மட்டுமே. பால் குறித்த மௌனம் பறிபோகுமாயின், அதற்குப் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையதே, தமிழ் இலக்கணத்தினுடையதன்று.