நல்ல கடனாளி

பெண்களுக்குக் கடன் கொடுத்தால் பணம் ஒழுங்காகத் திரும்பி வரும். வங்கி மேலாளர், நுண்கடன் நிறுவன அலுவலர், மேடையில் காசோலை வழங்கும் அமைச்சர் என எல்லோரும் சொல்லும் பாராட்டு இது. இந்தப் பாராட்டின்மேல் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. தொழில் செய்யும் ஆணை யாரும் இப்படி மெச்சுவதில்லை. எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறார், அடுத்த ஆண்டு எவ்வளவு விற்பார் என்றுதான் அவரிடம் கேட்கிறார்கள். பெண் என்றால் தவணை கட்டினாளா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. தொழில் நின்றதா, அதில் அவளுக்கு ஏதாவது மிஞ்சியதா என்பதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தைப் பார்ப்போம். 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். பிறகு 20 லட்சம் வரை தருண் பிளஸ் வந்தது. கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை என்று அரசு பெருமையோடு சொல்கிறது. அதே அரசின் கணக்குப்படி, முதல் பத்தாண்டுகளில் கொடுத்த கடன்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சிசு. அண்மை ஆண்டுகளில் கிஷோரின் பங்கு கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் எண்ணிக்கையில் பெண்களுக்குக் காட்டும் பங்கு தொகையில் இல்லை. சிசு என்றால் குழந்தை. நாற்பது வயதில், இருபது வருடம் இட்லிக் கடை நடத்தியவளுக்கும் அதே பெயர்தான்.

எங்கள் பகுதியில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கும் ஒரு அக்காவிடம் இதைப் பேசியிருக்கிறேன். கிரைண்டர் வாங்குவது அவருக்குப் பெரிய சிக்கலாக இல்லை. அரிசியும் உளுந்தும் விலை இறங்கும்போது மூட்டையாக வாங்கிப் போடக் கையில் காசு இல்லை. கடைக்காரர்கள் மாவை எடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்துப் பணம் தருகிறார்கள். தொழிலின் மொழியில் இதை நடைமுறை மூலதனம் என்பார்கள். ரைஸ் மில்காரருக்கு இதற்காக வங்கியில் ஓவர்டிராஃப்ட் வசதி உண்டு. வேண்டும்போது எடுப்பார், வந்ததும் போடுவார், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. அக்காவுக்குக் கிடைத்தது குழு லோன். பணம் மொத்தமாக வந்தது. அடுத்த வாரமே டியூ தொடங்கிவிட்டது. கடைக்காரர் பணம் தராத வாரத்திலும் டியூ உண்டு. இரண்டுக்கும் பெயர் கடன்தான். ஆனால் ஒன்று தொழிலின் ஓட்டத்துக்கு ஏற்றது. மற்றொன்று வசூல் செய்பவரின் வசதிக்கு ஏற்றது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்ற வழியில் வந்தவை. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதைப் பெண்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டங்களில் பேசிப் பழகி உள்ளாட்சித் தேர்தலில் நின்றவர்கள் உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பின்னால் வந்த நுண்கடன் நிறுவனங்கள் குழு என்ற வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே வசூல் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியே செய்கிறாள். அடமானம் இல்லாத கடன் என்கிறார்கள். அடமானம் இருக்கிறது: தெருவில் மானம் போகும் என்ற அச்சம். ஆந்திரத்தில் கடன் தற்கொலைகளுக்குப் பிறகு 2010இல் அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்கு அடமானமின்றிக் கொடுப்பது நுண்கடன். மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். வருமானத்தைக் கணக்கிடும்போது கணவனின் கூலியும் சேர்கிறது. டாஸ்மாக்குக்குப் போகும் பங்கு கழிவதில்லை. கையெழுத்தும் வசூலும் மட்டும் பெரும்பாலும் மனைவியுடையவை.

வங்கிகள் மொத்தக் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்க வேண்டும். அதில் குறுந்தொழில்களுக்கு 7.5 விழுக்காடு. சிறியவர்களுக்கான பாதுகாப்பு என்று நம்பிப் படித்தால், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் வரை விற்பனை செய்யும் நிறுவனமும் குறுந்தொழில். மாவு பாக்கெட் அக்காவும் அவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வங்கி யாரைக் கூப்பிடும்? அதே விதிப் புத்தகத்தில் பெண்ணுக்கென்று ஓர் இடமும் உண்டு. தனிநபராகக் கடன் பெறும் பெண் ‘நலிந்த பிரிவினர்’ பட்டியலில் வருகிறாள், அதுவும் ஓர் உச்சவரம்பு வரை. முன்பு 1 லட்சம், 2025 முதல் 2 லட்சம். அதற்கு மேல் கேட்டால் அந்தக் கணக்கில் அவளுக்கு இடமில்லை. வரம்புக்குள் சிறிய கடன்களாகக் கொடுப்பதே வங்கிக்கு லாபமான ஏற்பாடு.

சிறு, குறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. இழப்பு வந்தால் ஈடுகட்டக் கடன் உத்தரவாத நிதியமும் இருக்கிறது. ஆனாலும் 5 லட்சம் கேட்டுப் போகும் பெண்ணிடம் கிளையில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, கணவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்பதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனால் நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்று சொல்லி, அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க மகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகும் வழக்கம் நிற்கவில்லை. அவளும் பிறந்த வீட்டு வாசல் வேண்டுமே என்று கையெழுத்துப் போடுகிறாள். வங்கி கேட்கும் பத்திரம் அங்கேதான் இருக்கிறது, அண்ணன் பெயரில்.