அந்நியனும் அறை வாடகையும்

நம் எழுத்தில் ‘அந்நியமாதல்’ என்ற சொல்லுக்கு மதிப்பு ஏறிய அளவுக்கு அந்நியனின் அன்றாடத்துக்கு மதிப்பு ஏறவில்லை. காம்யுவின் நாவல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் ‘அந்நியன்’ என்று தமிழுக்கு வந்தது 1980இல். அதற்கு முன்பே அந்தச் சொல் நம்மிடையே புழக்கத்தில் இருந்தது; பின்பு அது ஒரு தகுதிச் சான்றிதழாகவே ஆகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவன், மனைவியோடு பேச விஷயம் இல்லாதவன், மாலையில் ஆபீஸிலிருந்து வீடு திரும்ப மனமில்லாதவன், எல்லோரும் அந்நியர்கள். பிறந்த ஊரில், தாய்மொழி சூழ, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவன் அந்நியனாக இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. மெர்சோவே அப்படிப்பட்டவன்தான். அல்ஜியர்ஸில் ஒரு குமாஸ்தா. பாரிஸில் ஒரு வேலை இருக்கிறது, போகிறாயா என்று முதலாளி கேட்கும்போது, எல்லாம் ஒன்றுதான் என்ற தோரணையில் தட்டிக்கழித்துவிடுகிறான். இந்தச் சிறு சம்பவத்தை நாம் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. போயிருந்தால் அவன் அறை தேடியிருக்க வேண்டும். எந்த ரயில் எங்கே போகும், எந்தக் கடையில் ரொட்டி மலிவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு எல்லாம் ஒன்றாக இருந்திருக்காது.

இன்னொரு பக்கம், உண்மையாகவே கடல் கடந்து போனவர்கள் எழுதுவது. அதில் பெரும்பகுதி ஊர் ஏக்கம்: வேப்பமரம், கோயில் குளம், அம்மா வைத்த ரசம். இந்த ஏக்கம் பொய் என்பதல்ல. ஆனால் அதை எழுத ஒருவன் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூரில் இருந்துகொண்டும் எழுதலாம், எழுதுகிறார்கள். வங்கியில் வேலை பார்க்கிற என் போன்றவனுக்கு இந்த வாழ்க்கையின் ஒரு முனை மட்டும் கண்ணில் படும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு நோக்கம் குறிக்க வேண்டும். பெரும்பாலும் அது ‘குடும்பப் பராமரிப்பு’. அந்தத் தொகையை மிச்சம் பிடிக்க மறுமுனையில் ஒரு மனிதன் எப்படிச் சமைத்தான், யாரோடு அறையைப் பங்கிட்டான், எந்தப் பாஷையில் மேஸ்திரியிடம் லீவு கேட்டான் என்பது எங்கள் பேரேட்டில் ஏறாது. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. இலக்கியத்திலும் அது ஏறுவதில்லை என்பதுதான் என் புகார்.

தமிழில் ‘பழகு’ என்ற வினை மூன்று காரியங்களைச் செய்கிறது. ஒன்றைச் செய்து செய்து தேர்வது பழகுவது. ஒன்றைச் சகித்துக்கொள்ள ஆரம்பிப்பது பழகுவது. ஒரு மனிதரோடு நெருங்குவதும் பழகுவதுதான். புதிய தேசத்தில் குடியேறியவன் இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் செய்கிறான். இது ஓர் உழைப்பு. இதற்கு நுணுக்கம் உண்டு, தந்திரம் உண்டு, தோல்வி உண்டு. இந்த உழைப்பைத் தன் விஷயமாக எடுத்துக்கொண்டு, அதற்கான உருவத்தையும் கண்டுபிடித்த ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டும். சாம் செல்வன் 1956இல் எழுதிய ‘தி லோன்லி லண்டனர்ஸ்’.

செல்வன் டிரினிடாடுக்காரர், 1923இல் பிறந்தவர். தகப்பனார் மதராஸிலிருந்து அந்தத் தீவுக்குப் போன கிறிஸ்தவர். பெயர் நம் காதில் ஒலிக்கிறதென்று அவரை நமக்குச் சொந்தமாக்கிக்கொள்ளும் அற்பத்தனம் வேண்டாம். அவருடைய பாஷை கரீபியன் ஆங்கிலம், அவருடைய ஆட்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். 1950இல் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே இந்தியத் தூதரக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு மிச்ச நேரத்தில் எழுதினார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி மேற்கிந்தியத் தீவினர் பிரிட்டனில் தடையின்றி இறங்கலாம். அந்தக் கதவை ஒருக்களித்துச் சாத்தியது 1962ஆம் ஆண்டுச் சட்டம். இந்த இடைவெளியில் வந்திறங்கியவர்களின் கதைதான் இது.

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. லண்டனில் பல ஆண்டுகள் தேய்ந்துபோன மோசஸ், பனிமூட்டம் கவிந்த ஒரு குளிர்கால இரவில், புதிதாக வருகிற ஒருவனை அழைத்துவர வாட்டர்லூ ஸ்டேஷனுக்குப் போகிறான். முன்பின் தெரியாத ஆள். யாரோ கடிதம் எழுதிச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. வந்திறங்கியவன் வெயில் தேசத்து சூட் மாட்டியிருக்கிறான். கையில் பெட்டி படுக்கை இல்லை, பல் துலக்கும் பிரஷ் மட்டும்தான். குளிரவேயில்லை என்கிறான். இவனுக்கு மோசஸ் ‘சர் காலஹாட்’ என்று பட்டம் சூட்டுகிறான். மறுநாள் தனியாகவே வேலை தேடிக்கொள்கிறேன் என்று கிளம்புகிற காலஹாட், தெருவில் நின்று மேலே பார்க்கிறான். சூரியன் இருக்கிறது, சூடு இல்லை. அவனுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. நம் கவிஞர்கள் பத்துப் பக்கம் எழுதக்கூடிய இந்த இடத்தை செல்வன் சுருக்கமாகக் கடக்கிறார். காலஹாட் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே அவன் பெயருள்ள அட்டையில், இவன் கறுப்பன் என்று முதலாளிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க, சில எழுத்துகள் குறிக்கப்படும். பயம் பிரபஞ்சத்திலிருந்து அலுவலக அட்டைக்கு இறங்குகிறது. இது தளம் தாழ்வதல்ல. அந்நியம் என்பது ஸ்தூலமாக எங்கே குடியிருக்கிறது என்று காட்டுவது.

இன்னொரு இடம். குளிர்காலம், வேலை இல்லை, பசி. கென்சிங்டன் தோட்டத்தில் கொழுத்த புறாக்கள் பயமில்லாமல் காலடியில் மேய்கின்றன. காலஹாட் ஒன்றைப் பிடித்துவிடுகிறான். அதைப் பார்த்துவிட்ட ஒரு சீமாட்டி கூச்சல் போடுகிறாள். அவன் தப்பி மோசஸின் அறைக்கு வந்து சமைக்கிறான். புறாவைத் தின்பதா என்று முகம் சுளிக்கிற மோசஸும் கடைசியில் சாப்பிடுகிறான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் இருவரும் ஊர்க்கதை பேச ஆரம்பிக்கிறார்கள். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏக்கம் வயிறு நிறைந்த பின் வருகிறது. அதற்கு முன்னால் புறா பிடிபட வேண்டியிருக்கிறது. நம் புலம்பெயர்ந்த எழுத்து பெரும்பாலும் ஊர்க்கதையிலேயே தொடங்குகிறது. புறாவை யார் பிடித்தது என்ற கேள்வி அதற்குத் தோன்றுவதில்லை.

பழகுவது ஒருவழிப்பாதை அல்ல என்பதையும் செல்வன் கண்டிருக்கிறார். ஜமைக்காவிலிருந்து குடும்பத்தோடு வந்திறங்குகிற டான்ட்டி என்ற கிழவி, ஹாரோ ரோடு கடைக்காரனை மடக்கிப் பற்று எழுதிக்கொள்ளச் செய்துவிடுகிறாள். நம் மளிகைக்கடையில் நோட்டுப் போட்டு வாங்குவது போலத்தான். கடன் கொடுப்பதற்கு முன்னால் ஆளின் சொத்து, சம்பளம், ஜாமீன் எல்லாம் கேட்கிற தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தப் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். டான்ட்டியிடம் ஒன்றும் இல்லை. வாய் இருக்கிறது, நாளையும் இதே தெருவில் இருப்பேன் என்ற உறுதி இருக்கிறது. நகரம் அவளுக்குப் பழகுவதற்கு முன்பே ஒரு கடை அவளுக்குப் பழகிவிடுகிறது. சுரங்க ரயிலில் ஏறவே அஞ்சியவள், ஒரு சாவிக்காக நகரின் மறுபக்கம் போய்வர நேரும்போது போய்விட்டுத்தான் வருகிறாள். அதன்பின் அந்த வெற்றியை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

இனி உருவம். இந்த நாவலைத் தரப்படுத்திய ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதாகவும், அது நகரவில்லை என்றும், தீவுப் பேச்சைக் கதைசொல்லியின் குரலாகவே வைத்துக்கொண்ட பிறகுதான் ஓடத் தொடங்கியது என்றும் செல்வன் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாத்திரங்கள் கொச்சையிலும் ஆசிரியர் இலக்கண சுத்தமாகவும் பேசுவது நமக்கும் பழகிய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஆசிரியர் எப்போதும் பாத்திரத்துக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். செல்வன் நாற்காலியை எடுத்துவிட்டார். அதே சமயம், டிரினிடாடில் பேசுவதை அப்படியே பெயர்த்து வைக்கவும் இல்லை. தீவுக்கு வெளியே இருப்பவனும் படிக்கும்படி அதைச் சீர் செய்திருக்கிறார். பாஷையும் இடம் பெயர்ந்து பழகியிருக்கிறது. கோடையைச் சொல்லும் பகுதி ஏறக்குறையப் பத்துப் பக்கம் நிறுத்தற்குறியே இல்லாமல் ஓடுகிறது. அது உத்திக்காகச் செய்த உத்தி என்று எனக்குப் படவில்லை. குளிர்காலம் முழுக்க அறைக்குள் அடைபட்டிருந்தவனுக்குக் கோடையில் நிற்க மனம் வராது. வாக்கியமும் நிற்கவில்லை.

செல்வன் கப்பலேறிய அதே 1950இல் அதே தீவிலிருந்து, பதினெட்டு வயதை எட்டும் தறுவாயில், ஆக்ஸ்ஃபோர்ட் உதவித்தொகையோடு கிளம்பியவர் வி.எஸ். நைபால். 1987இல் வந்த ‘தி எனிக்மா ஆஃப் அரைவல்’ நாவலில் அந்தப் பயணத்தை அவர் திரும்பிப் பார்க்கிறார். வழியில் நியூயார்க் ஹோட்டல் அறையில், வீட்டில் கட்டிக்கொடுத்த கோழி வறுவலைக் குப்பைக்கூடைக்கு மேல் குனிந்து, எண்ணெய் எங்கும் படாமல், கூச்சத்தோடு தின்கிறான் பையன். அப்போது அவன் எழுதிவந்த டைரியில் இந்தக் கோழி இடம்பெறவில்லை. எழுத்தாளன் எழுதத் தகுந்தவை வேறு என்று அவன் நம்பியிருந்தான். லண்டனில் அவன் தங்கிய விடுதியில் போருக்குப்பின் சிதறிவந்த மனிதர்கள் நிறைந்திருந்தார்கள்; அவர்களையும் அவன் பார்க்கவில்லை. தன் கண்ணெதிரே இருந்த பெரிய விஷயத்தைத் தவறவிட்டதை நைபால் அசாத்திய நேர்மையோடு எழுதுகிறார். ஆனால் அதற்கு முப்பத்தேழு வருஷம் பிடித்தது. செல்வன் ஆறு வருஷத்தில் எழுதிவிட்டார். இதை வைத்து இருவரின் மேதைமையையும் தராசில் நிறுத்த நான் முயலவில்லை. குப்பைக்கூடையும் இலக்கியம் என்று ஒருவருக்கு உடனே தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

தமிழில் இது தெரிந்த ஒருவர் இருந்தார். ப. சிங்காரம் பதினெட்டு வயதில், 1938இல், மெடானில் ஒரு கடையில் வேலைக்குப் போனவர். 1946இல் திரும்பி, மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் காலம் கழித்தார். 1972இல் நூலான ‘புயலிலே ஒரு தோணி’யில் வட்டிக்கடையின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற அடுக்குகள், மலாய் கலந்த பேச்சு, குடிக்கும்போது கிளம்பும் மதுரைத் தெருக்களின் நினைவு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அங்கேயும் ஊர் நினைவு, கணக்கு முடித்த பிறகுதான் வருகிறது. ஆனால் நாயகன் துப்பாக்கியைத் தொட்ட பிறகு பெட்டியடிப் பையன் பின்னுக்குப் போய்விடுகிறான் என்று எனக்குப் படுகிறது. சாகசம் அன்றாடத்தை விழுங்கிவிடுகிறது. சிங்காரம் பாதி வழி போட்டுக் கொடுத்தார். மீதி வழி அப்படியே கிடக்கிறது.

செல்வனுக்குக் குறை இல்லையா? உண்டு. டான்ட்டியைத் தவிர்த்தால் பெண்கள் ஆண்களின் வேட்டைப் பேச்சுக்குள் அடைபட்டவர்கள். புருஷனிடம் அடிபடும் ஆக்னஸ் எப்படிப் பழகினாள் என்று நாவல் நின்று கேட்பதில்லை. பழகும் உழைப்பில் பாதிக்கு மேல் பெண்கள் செய்வது. அந்தப் பாதி இங்கே எழுதப்படவில்லை. பின்னால் வந்த ‘மோசஸ் அசெண்டிங்’ (1975), ‘மோசஸ் மைக்ரேட்டிங்’ (1983) இரண்டிலும் கேலி கூர்மையாகிறது, கனிவு குறைகிறது.

இதெல்லாம் இலக்கிய ருசி பற்றிய சச்சரவு மட்டுமல்ல. அந்தத் தலைமுறையில் சிறுவயதில் பெற்றோரோடு வந்து, ஐம்பது அறுபது ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்தவர்களில் பலர், தாங்கள் அங்கே சட்டப்படி வாழ்ந்ததை நிரூபிக்கும்படி கேட்கப்பட்டார்கள். 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்து அரசு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை உள்துறை 2010இலேயே அழித்துவிட்டிருந்தது. சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பள்ளிச் சான்று என்று வருஷாவருஷத்துக்கு ஆதாரம் தேட வேண்டியிருந்தது. வேலை இழந்தவர்கள் உண்டு, சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் உண்டு, சிறைவைக்கப்பட்டவர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் உண்டு. அன்றாடம் எவ்வளவு சுலபமாகத் தடயமில்லாமல் போகும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். ஒரு நாவல் கோர்ட்டில் செல்லாது. ஆனால் புறா தின்றவன் இங்கே இருந்தான், கடையில் பற்று வைத்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மோசஸின் அறையில் கூடிப் பேசினான் என்று சொல்லும் பத்திரம் அந்த அட்டைகளைவிட நீண்ட காலம் நின்றுவிட்டது.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன, போகிற தமிழர்களின் சமையல், வாடகை, பஸ் சீட்டு, கற்றுக்கொண்ட அரைகுறைப் பாஷை இவற்றையெல்லாம் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்திவைக்கும் ஒரு வாயிற்காவல் நம் சிறுபத்திரிகைகளிலும் இருக்கிறது. தத்துவச் சாயல் இல்லாத எதையும் அது தகவல் என்று ஒதுக்கிவிடும். அங்கிருந்து ஒருவன், மேஸ்திரியின் பாஷையும் கேன்டீன் பாஷையும் கலந்த தமிழில், முதல் மாத வாடகை கட்டியதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி அனுப்பினால், அதில் அந்நியமாதல் எங்கே என்று கேட்காமல் படிக்க நாம் தயாராக இருக்கிறோமா என்பதே என் கேள்வி.