ஸ்மெட்டனாவின் நால்வர் இசையில் அழுகை மெய்ப்பாடு

படைப்பாளியின் தனித்துயரே படைப்பாக உருப்பெறுகிறது என்னும் கருத்து கலைத் திறனாய்வில் பெருவழக்காக உள்ளது. துயரம் கலையாகும் முறையை இக்கருத்து விளக்குவதில்லை. செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெட்டனாவின் (1824-1884) இசை இவ்வகையில் ஆராயத்தக்கது.

அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. இவற்றுள் இழவும் அசைவும் ஸ்மெட்டனாவின் வாழ்வில் அடுத்தடுத்து நேர்ந்தன. 1854 முதல் 1856 வரையிலான காலத்தில் அவர்தம் மகள்கள் மூவர் இறந்தனர். மூத்த மகளின் மறைவையடுத்து, 1855இல் பியானோ, வயலின், செல்லோ ஆகியவற்றுக்கான ஜி மைனர் இசையை அவர் இயற்றினார். இஃது இழவின்பாற்பட்ட அழுகை.

1874 அக்டோபரில் அவர் செவிப்புலனை முற்றிலும் இழந்தார். ஆயினும் அடுத்த சில வாரங்களில் உருவான ‘வுல்டாவா’, ஆற்றின் ஓட்டத்தையும் கரையோர வாழ்வையும் பாடும் இசையாகவே அமைந்தது. துயரம் நேரும் காலமும் அது கலையாகும் காலமும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்றாகும்.

அத்துயரம் ‘என் வாழ்விலிருந்து’ என்னும் நரம்பிசைக் கருவிகளுக்கான நால்வர் இசையில் (1876) வெளிப்படுகிறது. இளமையின் கலை வேட்கை, நடனக் களிப்பு, முதற்காதல் என முதல் மூன்று பகுதிகள் அமைகின்றன. இறுதிப் பகுதியின் உவகை உச்சத்தில் இசை திடீரென நிற்கிறது. முதல் வயலினில் ‘ஈ’ என்னும் சுரம் மிக உயர்ந்த நிலையில் நீண்டு ஒலிக்கிறது. செவிடாவதற்கு முன் அவர் காதில் ஒலித்த இரைச்சலின் குறியீடு இது.

அவரை உண்மையில் வருத்தியது ஏ பிளாட் சுரக்கூட்டின் கூரிய ஒலியாகும். அதனை அவர் அவ்வாறே படியெடுக்கவில்லை. ஈ மைனரில் அமைந்த படைப்பின் அடிச்சுரமே அதனை முறிக்கும் ஒலியாகவும் வருகிறது. நோயின் ஒலி கலையின் ஒழுங்குக்கு உட்படுத்தப்பட்டுள்ளமை இதனால் விளங்கும்.

முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையெய்தி வருந்துதலே அசைவு என்பது பேராசிரியர் உரைவழிப் பெறப்படும் பொருள். முன்னைய நிலை காட்டப்படாவிடில் அசைவு புலப்படாது. முதல் மூன்று பகுதிகளின் உவகையே அவ்வொற்றைச் சுரத்தை அழுகையாக்குகிறது. ஆகவே, ஸ்மெட்டனாவின் துயரம் இசைக்குப் பொருளை வழங்கியது. அதனை மெய்ப்பாடாக்கியது படைப்பின் அமைப்பே எனலாம்.